நமுத்துப்போகாத டார்ட்

பிரான்ஸில் பேஸ்ட்ரிக் கடைக்காரர்கள் பழ டார்ட்டைக் காலையில் அடுக்கி மாலைக்குள் விற்றுவிடப் பார்ப்பார்கள். மறுநாளுக்கு அது தாங்காது. கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜில் இருந்தால் அடுத்த நாளும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் முதல் நாள் பல் பட்டதும் நொறுங்கிய அடித்தட்டு மறுநாள் ஊறிய ரொட்டியாக இருக்கும். கிரீமின் ஓரத்தில் நீர் கசிந்து நிற்கும். பழங்கள் பளபளப்பு போய்ச் சுருங்கியிருக்கும். பார்வைக்கு இவை மூன்று கோளாறுகள். காரணம் ஒன்றுதான்: இரவோடு இரவாகத் தண்ணீர் இடம் மாறிவிட்டது.

டார்ட்டை அறிவியல் கண்ணோடு பார்த்தால் அது தண்ணீரின் மூன்று நிலைகள். கீழே, தண்ணீரை முழுக்க விரட்டிவிட்ட மாவுத்தட்டு. நடுவே, தண்ணீரை மாவுச்சத்தின் வலைக்குள் கட்டிப்போட்ட கிரீம். மேலே, உயிரணுக்களுக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கும் பழம். இந்த மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த நொடியிலிருந்து தண்ணீர் நகரத் தொடங்குகிறது.

எந்தத் திசையில் நகரும் என்பதற்கு உணவு வேதியியலில் ஓர் அளவுகோல் உண்டு. நீர்ச் செயல்பாடு என்பார்கள். ஒரு பொருளில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அது கேட்பதில்லை. அந்தத் தண்ணீர் எவ்வளவு தூரம் கட்டுப்படாமல் இருக்கிறது என்று கேட்கிறது. சுத்தமான தண்ணீருக்கு மதிப்பு 1, முற்றிலும் உலர்ந்த பொருளுக்கு 0. பாக்டீரியா வளர்வதைத் தீர்மானிப்பது மொத்த ஈரம் அல்ல, இந்த மதிப்புதான் என்று ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1953இல் காட்டினார். அதன்பிறகு பிஸ்கட் தொழிற்சாலை முதல் ஊறுகாய்த் தொழிற்சாலை வரை எல்லோருக்கும் இது அடிப்படைக் கணக்காகிவிட்டது. நறுக்கிய பழத்துக்கு இந்த மதிப்பு 0.98 அளவில் இருக்கும். கிரீம் அதற்குச் சற்றுக் கீழே. நன்றாக வெந்த மாவுத்தட்டு 0.3க்கும் கீழே. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோலத் தண்ணீர் அதிக மதிப்பிலிருந்து குறைந்த மதிப்புக்கு ஓடும். மூன்றும் சமமாகும் வரை ஓட்டம் நிற்காது.

டப்பா மூடியைத் திறந்து வைத்த முறுக்கு மழைக்காலத்தில் நமுத்துப்போவதும் இதே விதிப்படிதான். உலர்ந்த முறுக்கில் மாவுச்சத்தும், டார்ட் தட்டில் மாவுச்சத்தும் சர்க்கரையும் கண்ணாடி நிலையில் இருக்கின்றன. மூலக்கூறுகள் அசைய இடமில்லாமல் உறைந்து நிற்பதால், அழுத்தினால் வளையாது, உடையும். அந்த உடைதலைத்தான் நாம் மொறுமொறுப்பு என்கிறோம். சிறிதளவு நீர் உள்ளே புகுந்தாலே மூலக்கூறுகளுக்கு அசைய இடம் கிடைத்துவிடும். கண்ணாடி ரப்பராக மாறும். தட்டு அப்போதும் பார்வைக்கு உலர்ந்தே இருக்கும். ஆனால் மொறுமொறுப்பு போயிருக்கும்.

இந்த ஓட்டத்தை நிறுத்த வழியில்லை. சில மணி நேரம் தள்ளிப்போடலாம். டார்ட் செய்முறையில் அனுபவசாலிகள் சொல்லும் ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும் அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான்.

தட்டிலிருந்து தொடங்குவோம். 250 கிராம் மைதா, 125 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 90 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. 24 சென்டிமீட்டர் அச்சுக்கு இது போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். பிரெஞ்சுக்காரர்கள் பாத் சுக்ரே என்று சொல்லும் இனிப்பு மாவு இதுதான்.

மைதாவில் கிளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுவை வலையாகின்றன. ரொட்டிக்கு அந்த இழுவை வேண்டும். டார்ட்டுக்கு அது எதிரி. இழுவை உள்ள மாவு ஓவனில் சுருங்கி அச்சின் சுவரிலிருந்து கீழே சரியும். வெந்தபின் நொறுங்காமல் ஜவ்வாக இருக்கும். ஆகவே புரதத்துக்குத் தண்ணீர் கிடைப்பதற்கு முன்பே வெண்ணெய் அதைப் போய்ச் சேர வேண்டும். சில்லென்ற வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, மைதாவில் போட்டு, விரல் நுனிகளால் பிசிற வேண்டும். உள்ளங்கை படக்கூடாது, அங்கே சூடு அதிகம். முதலில் மாவு வெள்ளையாகவும் வெண்ணெய் தனித்தனித் துணுக்குகளாகவும் தெரியும். சில நிமிடங்களில் மாவின் வெண்மை மங்கி லேசான மஞ்சள் ஏறும். அந்த நிறமாற்றம் ஒரு தகவல்: மாவுத் துகள்கள் கொழுப்புறை போர்த்திக்கொண்டுவிட்டன. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் ஈரமணல்போல உதிர வேண்டும். அதற்குப் பிறகே சர்க்கரையும் அடித்த முட்டையும். சேர்ந்து ஓர் உருண்டையானதும் நிறுத்திவிட வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு முறை பிசைபவர்கள் அந்த அழகுக்குப் பின்னால் விலை கொடுப்பார்கள்.

நம் ஊர்ச் சமையலறையில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெண்ணெய் முழுதாக உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். மே மாதச் சென்னையில் அது அறை வெப்பநிலை. வெண்ணெய் என்பது வெறும் கொழுப்பும் அல்ல. அதில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பு, 16 விழுக்காடு தண்ணீர். திடமாக இருக்கும்வரை அந்தத் தண்ணீர் நுண்துளிகளாகக் கொழுப்புக்குள் சிறைப்பட்டிருக்கும். உருகியதும் பிரிந்து நேரே மாவுக்குப் போகும்; நாம் தவிர்க்க நினைத்த குளூட்டன் அங்கே உருவாகும். பிரெஞ்சுப் புத்தகங்கள் அறை வெப்பநிலை என்று எழுதும்போது 20 டிகிரியைச் சொல்கின்றன. அந்த வரியை இங்கே அப்படியே பின்பற்றக்கூடாது. மைதாவையும் பாத்திரத்தையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, விடியற்காலையில் இந்த வேலையை முடிப்பது நல்லது.

உருண்டையைத் தட்டையாக்கி, மூடி, ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் விட வேண்டும். வெண்ணெய் மறுபடி இறுகும், உருவான சிறிதளவு குளூட்டனும் இழுவை தளரும். பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, சப்பாத்திக் கட்டையால் 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அச்சில் விரிக்கலாம். மூலைகளில் மாவை இழுத்துப் பொருத்தாமல் உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும். இழுத்தது ஓவனில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அச்சோடு சேர்த்து இன்னொரு அரை மணி நேரக் குளிர்ச்சியும் தேவை.

இந்தத் தட்டை வெறுமையாகத்தான் வேகவைக்கிறோம், கிரீமும் பழமும் ஓவனைப் பார்ப்பதேயில்லை. மேலே பட்டர் பேப்பர் போட்டு, ராஜ்மாவோ கொண்டைக்கடலையோ நிரப்பி, 175 டிகிரியில் சுமார் 20 நிமிடம். பாரம் எதற்கு? வெண்ணெயிலும் முட்டையிலும் உள்ள நீர் ஆவியாகி அடியைப் பூரிபோல உப்ப வைக்கும். சுவர்கள் இறுகுவதற்கு முன் சரியும். இரண்டையும் பாரம் தடுக்கிறது. பிறகு காகிதத்தையும் கடலையையும் எடுத்துவிட்டு இன்னும் 8 முதல் 12 நிமிடம்.

இந்தக் கடைசி நிமிடங்களைத்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தட்டு வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே, கருகிவிடுமோ என்ற பயத்தில் எடுத்துவிடுகிறார்கள். நிறம் இங்கே அலங்காரம் அல்ல. மாவில் தண்ணீர் மிச்சமிருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். நீர் போனபிறகுதான் வெப்பநிலை மேலே ஏறி, 140 டிகிரிக்கு அருகில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரியத் தொடங்கும். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மையார் விவரித்த வினை இது. பொன்பழுப்பு நிறமும் வறுத்த மணமும் அதிலிருந்தே வருகின்றன. ஆகவே பழுப்பு நிறம் ஓர் ஈரமானி. அடிப்பக்கம் நடுவிலும் பொன்பழுப்பாக இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். வெளிர்மஞ்சள் என்றால் உள்ளே இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட தட்டு கிரீம் தொடுவதற்கு முன்பே பாதி நமுத்தது.

எடுத்த தட்டு முழுதாக ஆறியதும், உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை உட்புறம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். தண்ணீருக்குக் கொழுப்பைக் கடப்பது கடினம். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் இறுகி ஒரு தொடர்ச்சியான படலமாக நிற்கும்போது, கிரீமிலிருந்து தட்டுக்குப் போகும் பாதை ஏறக்குறைய அடைபடுகிறது. சாக்லேட் இனிப்பு வேண்டாம் என்பவர்கள் வேகும் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு முன் அடித்த முட்டையைப் பூசலாம். அந்தப் புரதப் படலமும் துளைகளை அடைக்கும், ஆனால் கோகோ வெண்ணெய் அளவுக்குத் தாங்காது. மொத்தச் செய்முறையிலும் உழைப்பு குறைவாகவும் பலன் அதிகமாகவும் உள்ள படி இதுதான் என்பது என் எண்ணம். வீட்டுச் சமையல் குறிப்புகளில் பெரும்பாலும் காணாமல் போவதும் இதுதான்.

இனி பேஸ்ட்ரி கிரீம். மாசியாலோ என்ற பிரெஞ்சுச் சமையல் நிபுணர் 1691இல் வெளியிட்ட நூலிலேயே இதற்கான குறிப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் கோதுமை மாவால் கெட்டியாக்கினார்கள். சோளத்திலிருந்து மாவுச்சத்தைத் தனியே பிரிக்கும் முறையை தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு அமெரிக்காவில் உருவாக்கியது 1842இல்தான். கோதுமை மாவு ஒன்றரை மடங்கு தேவைப்படும், புரதம் கலந்திருப்பதால் கிரீம் கொஞ்சம் மந்தமாகவும் இருக்கும். அந்தச் சோள மாவுச்சத்தில், அதாவது கார்ன்ஃப்ளாரில், செய்தது தெளிவாகவும் மென்மையாகவும் வரும். சில பேஸ்ட்ரிக்காரர்கள் இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள்.

500 மில்லி பால், 5 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃப்ளார், 40 கிராம் வெண்ணெய், வனிலா. பசும்பாலில் 87 விழுக்காடு தண்ணீர். அரை லிட்டரை நெருங்கும் அந்தத் தண்ணீரை 40 கிராம் தூள் கத்தியால் வெட்டக்கூடிய நிலைக்குக் கட்டிவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அது எப்படி நடக்கிறது?

பாலில் பாதிச் சர்க்கரையும் வனிலாவும் போட்டு, அடி கனமான பாத்திரத்தில் சூடேற்றுகிறோம். மீதிச் சர்க்கரையை மஞ்சள் கருவோடு சேர்த்த உடனே அடிக்க வேண்டும். போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால், சர்க்கரை தான் தொட்ட இடத்தில் கருவின் நீரை உறிஞ்சி, அங்கே புரதத்தைச் சிறு சிறு மணிகளாக இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் அந்த மணிகள் கரையாது. கார்ன்ஃப்ளாரையும் கலந்தபின், கொதிநிலையை நெருங்கிய பாலில் கொஞ்சத்தை மெல்லிய தாரையாக இந்தக் கலவையில் ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். மஞ்சள் கருவின் புரதம் 65 முதல் 70 டிகிரிக்குள் இறுகத் தொடங்கும். சூடான பாலில் கருவை நேரே கொட்டினால் முதல் துளிகள் அந்தக் கணமே வெந்து திரிதிரியாகிவிடும். படிப்படியாகச் சூடேறினால் புரதங்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்றபடியே விரியும்.

எல்லாவற்றையும் பாத்திரத்துக்குத் திருப்பி, நடுத்தரத் தீயில் வைத்து, விஸ்க்கை எடுக்காமல் கிளறுகிறோம். முதல் ஓரிரு நிமிடங்களில் எதுவும் நடப்பதுபோலத் தெரியாது. மேலே நுரை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு அந்த நுரை மெல்ல அடங்கும். விஸ்க்கின் கம்பிகள் போன வழியில் கோடு விழும், உடனே மறையும். அடுத்த சில நொடிகளில் அடிமூலையில் ஏதோ கட்டிபோலத் தட்டுப்படும். கை பதறி வேகமெடுக்கும். பதற வேண்டியதில்லை. அடியில் சூடு அதிகமான இடத்தில் மாவுச்சத்து முந்திக்கொண்டது, அவ்வளவுதான். விடாமல் அடித்தால் மொத்தமும் அதே கெட்டிக்கு வந்து சமமாகிவிடும்.

இதற்குள் நடந்தது இது. கார்ன்ஃப்ளாரின் ஒவ்வொரு துகளும் அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரு நீளச் சங்கிலி மூலக்கூறுகளை இறுக்கிச் சுருட்டிய நுண்மணி. குளிர்ந்த பாலில் அது வெறுமனே மிதக்கும். வெறும் தண்ணீரில் 62 டிகிரியைத் தாண்டும்போது இந்தச் சுருள் தளரத் தொடங்கும். சர்க்கரை நீரைத் தன்பக்கம் பிடித்துவைப்பதால் கிரீமில் இன்னும் கொஞ்சம் சூடு தேவைப்படும். மணி தண்ணீரை இழுத்துப் பலமடங்கு உப்பும். அமைலோஸ் வெளியே கசிந்து மணிகளுக்கு இடையே பரவும். உப்பிய மணிகள் நெருக்கியடித்து நிற்பதாலும் இடைவெளிகளில் இழைகள் ஓடுவதாலும் தண்ணீருக்கு நகர இடமில்லாமல் போகிறது. கிரீம் கெட்டிப்படுகிறது.

இந்த இழைகளால் இன்னொரு நன்மையும் உண்டு. மாவுச்சத்து சேராத முட்டைக் கஸ்டர்டை 85 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் திரிந்துவிடும். புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நீரை வெளியே பிழிந்துவிடும். பேஸ்ட்ரி கிரீமில் மாவுச்சத்து அந்தப் புரதங்களுக்கு நடுவே குறுக்கே நிற்கிறது. அதனால் இதைக் கொதிக்கவே விடலாம்.

விடலாம் என்ன, விட்டே ஆக வேண்டும். மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவுச்சத்துச் சங்கிலிகளை வெட்டுவது அதன் வேலை. கிரீம் கெட்டியானதும் வெந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்தால், அந்த நொதி உயிரோடு இருக்கும். அன்று மாலை கிரீம் அருமையாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் கூழ்போல இளகிக் கிடக்கும். இரவு முழுக்க அமைலேஸ் சங்கிலிகளை வெட்டி, கட்டுண்ட தண்ணீரை அவிழ்த்து விட்டிருக்கும். இப்படிக் கிரீம் இளகியவர்கள் அடுத்த முறை கார்ன்ஃப்ளாரை அதிகம் போடுகிறார்கள். மருந்து அது அல்ல. நடுவில் பெரிய குமிழ்கள் தொப் தொப்பென்று வெடிக்கத் தொடங்கியபின் கிளறிக்கொண்டே இன்னும் ஒன்று முதல் இரண்டு நிமிடம் அடுப்பில் வைத்தால் நொதி செயலிழக்கும். பச்சை மாவு வாசனையும் அதோடு போய்விடும்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு ஒரு நற்செய்தி இங்கேயே இருக்கிறது. 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக்கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக முட்டையில்லாக் கஸ்டர்ட் தூளைத் தயாரித்தார். நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் கஸ்டர்ட் பவுடர் அதன் வழிவந்ததுதான்: மணமும் நிறமும் சேர்த்த கார்ன்ஃப்ளார். முட்டை இல்லாததால் அமைலேஸ் இல்லை, திரியும் பயமும் இல்லை. மஞ்சள் கரு தரும் கொழுப்பின் செழுமை இருக்காது. இறக்கியபின் வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டினால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். தட்டிலும் முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி குளிர்ந்த பால் போதும்.

வனிலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க எனக்கு மனமில்லை. மெக்சிகோவைச் சேர்ந்த இந்த ஆர்க்கிட் கொடியை ஐரோப்பியர் வேறு நாடுகளில் நட்டபோது கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. பூவுக்குள் ஆண் உறுப்பையும் பெண் உறுப்பையும் ஒரு சிறு மடல் பிரித்து வைத்திருக்கிறது. 1841இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் அந்த மடலை விலக்கிக் கட்டைவிரலால் மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் வனிலாத் தோட்டங்களில், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டங்கள் உட்பட, பூவுக்குப் பூ கையால் செய்வது அவன் முறையைத்தான். 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. ஒரு பெருந்தொழிலுக்கே அடிகோலிய அவன் 1880இல் வறுமையில் இறந்தான். வனிலின் மூலக்கூறை 1874இல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரச் சாற்றுப் பொருளிலிருந்து செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். கடையில் கிடைக்கும் எசென்ஸ் பெரும்பாலும் செயற்கை வனிலின்தான். அதைப் போடுவதென்றால் இறக்கியபின் போட வேண்டும், கொதியில் மணம் பறந்துவிடும். காயாகக் கிடைத்தால் கீறி விதையோடு பாலில் ஊற விடலாம். பாலின் கொழுப்பு மணத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கொதித்த கிரீமில் வெண்ணெயை அடித்துக் கலந்து, அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, கிளிங் ஃபிலிமை மேற்பரப்பில் ஒட்டும்படி போர்த்தி உடனே குளிரவிட வேண்டும். ஃபிலிம் ஒட்டாவிட்டால் மேற்பரப்பு நீர் ஆவியாகி, புரதமும் மாவுச்சத்தும் செறிந்து ஏடு படியும். அகலமான தட்டு எதற்கென்றால், 5 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளியில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த இந்தக் கிரீம் அவற்றுக்கு நல்ல தீனி. பாசில்லஸ் சீரியஸ் போன்றவற்றின் வித்துகள் கொதியையும் தாங்கிக் காத்திருக்கும். ஆழமான பாத்திரத்தில் கிரீமின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் அது ஃப்ரிட்ஜுக்குள் சில்லென்று ஆகியிருக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். இதில் சலுகை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குளிரும்போது அமைலோஸ் இழைகள் மறுபடி அருகருகே வந்து இணைகின்றன. அதனால்தான் கிரீம் வெட்டும் பதத்துக்கு இறுகுகிறது. அந்த இணைப்பு நாள்பட நாள்பட இறுகி நீரை வெளியே தள்ளும். ஓரத்தில் கசியும் நீர் அதுவே. ஃப்ரீசரில் வைத்தால் இது மிக வேகமாக நடக்கும், உருகியபின் கிரீம் பஞ்சும் தண்ணீருமாகப் பிரிந்திருக்கும். ஆகவே பேஸ்ட்ரி கிரீமை உறைய வைக்கக்கூடாது. குளிர்ந்த கட்டியைத் தட்டில் நிரப்புமுன் விஸ்க்கால் அடித்து வழவழப்பாக்க வேண்டும். சீரானதும் நிறுத்திவிடுங்கள், அளவுக்கு மீறி அடித்தால் இறுக்கம் திரும்பாது.

பழம் மீதமிருக்கிறது. ஸ்ட்ராபெரியில் 91 விழுக்காடு தண்ணீர், மாம்பழத்திலும் கிவியிலும் சுமார் 83, திராட்சையில் 81. ஆனால் நறுக்காத பழம் இந்தத் தண்ணீரை விடாது. உயிரணுச் சவ்வும் தோலும் அதைக் காக்கின்றன. கத்தி பட்ட இடத்தில்தான் காவல் உடைகிறது. ஆகவே திராட்சையையும் சிறு ஸ்ட்ராபெரியையும் முழுதாக வைப்பதே உத்தமம். நறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெரிய துண்டுகள், கூரான கத்தி. மழுங்கிய கத்தி அணுக்களை நசுக்கும். பழத்தின் மேல் சர்க்கரை தூவுவது மிகப் பெரிய தவறு. சவ்வூடு பரவலால் சில நிமிடங்களில் சாறு வெளியே வந்துவிடும். கழுவிய பழத்தைத் துணியில் ஒற்றி ஈரம் முழுக்கப் போனபின்பே அடுக்க வேண்டும். மாம்பழத்தில் நார் குறைந்த, சற்றுக் கெட்டியான பங்கனப்பள்ளி நன்றாக நிற்கும்.

கிவி, அன்னாசி, பப்பாளி, அத்தி நான்கிலும் புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு: ஆக்டினிடின், புரோமலைன், பப்பெய்ன், ஃபிசின். இவை கிரீமில் உள்ள பால் புரதத்தை வெட்டும். வெட்டுண்ட துணுக்குகள் சில கசக்கும். கிவி அடுக்கிய டார்ட்டை நேரம் கழித்துச் சாப்பிடும்போது கிரீமில் ஒரு கசப்பு தட்டினால் பால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பரிமாறுவதற்குச் சற்று முன் கிவியை வைத்தால் பிரச்சினை இல்லை. அன்னாசியைச் சர்க்கரைப் பாகில் சில நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி அழிந்துவிடும். டின்னில் வருவது ஏற்கெனவே சூடுபட்டதுதான். ஆப்பிள், பேரிக்காய், வாழை ஆகியவை நறுக்கியதும் கறுக்கும். பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு நடத்தும் வேலை அது. எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும், ஆனால் வாழையை நான் டார்ட்டில் சேர்ப்பதில்லை. அது தோற்றுப்போகும் போட்டி.

கடைசியில் மெருகு. ஆப்ரிகாட் ஜாமோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, சூடு குறைந்ததும் தூரிகையால் பழத்தின் மேல் ஒற்றி எடுப்பது பழைய பிரெஞ்சு வழக்கம். ஜாமில் இருக்கும் பெக்டினை 1825இல் நான்சி நகரில் அன்ரி பிராக்கோனோ ஆராய்ந்து பெயரிட்டார். புளிப்பும் மிகுந்த சர்க்கரையும் சேர்ந்த இடத்தில் பெக்டின் இழைகள் நெருங்கிக் கூழ்மமாகின்றன. பழத்தின் மேல் அது மெல்லிய, சமதளமான படலமாக நிற்கும். அந்தச் சமதளம்தான் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பிப் பளபளப்பு தருகிறது. அதைவிட முக்கியம், பழத்தின் நீர் காற்றில் போவதை அது மட்டுப்படுத்துகிறது, வெட்டுப்பட்ட பரப்புக்கு ஆக்சிஜன் எட்டாமல் செய்கிறது. சிலர் ஜெலட்டின் பூசுகிறார்கள். ஜெலட்டின் ஒரு புரதம். கிவியும் அன்னாசியும் அதைத் தின்று இளக்கிவிடும். பெக்டின் சர்க்கரை வகைச் சங்கிலி என்பதால் அந்த நொதிகளால் அதைத் தொட முடியாது. கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகரும் அப்படித்தான்.

விருந்துக்குச் செய்வதானால் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். தட்டை முந்தைய நாளே வேகவைத்து, ஆறவிட்டு, சாக்லேட் பூசி, காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வைக்கலாம். வீடு ஏசி இல்லாமல் கொதித்தால் சாக்லேட் இளகும், அப்போது மறுநாள் காலையில் பூசிக்கொள்ளலாம். கிரீமும் முந்தைய நாள் இரவே ஃப்ரிட்ஜுக்குள் போய்விடலாம், நன்றாகக் கொதித்திருந்தால் காலையில் அது இளகியிருக்காது. நிரப்புவதும் அடுக்குவதும் மெருகிடுவதும் சாப்பிடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள். அதுவரை டார்ட் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், நம் வெயிலில் மேசைமேல் காட்சிக்கு வைக்க வேண்டாம். வெட்டுவதற்கு ரம்பப் பல் கத்தி எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தை அழுத்தாமல் முன்னும் பின்னும் அறுத்து, தட்டை எட்டியபின் ஒரே அழுத்து. அடி இரண்டாக உடையும் சத்தம் கேட்கும்.